ஒரே கல்லூரி, இரண்டு கூடாரம்

1

ஆவணி மாதம் வந்தால் ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். வடக்கில் உள்ள கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சனிக்கிழமை உதைபந்தாட்டப் போட்டி வைப்பார்கள். பூங்கா மைதானம் ஒன்றில் காலையில் தொடங்கினால் வெயில் சாயும்வரை நடக்கும். விளையாடுகிறவர்கள் இங்கே பிறந்த பிள்ளைகள். பார்க்கிறவர்கள் அங்கே படித்த தகப்பன்மார். பிள்ளைகளுக்குக் கல்லூரி எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது. தகப்பன்மாருக்கு முழங்கால் மடங்காது. ஆனாலும் வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான்.

இந்த வருடம் அந்த நாளை நினைத்தால் வாய் கசக்கிறது. ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்கள் முகநூலில் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கொடி, மாலை, வெற்றிக் கிண்ணம், சிரித்த முகங்கள். கனடாவில் கல்லூரியின் புகழ் கொடிகட்டிப் பறக்கிறது என்று பூரித்தும் இருப்பீர்கள். படத்துக்கு வெளியே என்ன நடந்தது என்பதை யாராவது சொல்லத்தானே வேண்டும்.

நாங்கள் மூன்று பேர். நான், சிவநேசன், நசீர். மூவரும் ஒரே வகுப்பு. நான் வோபர்னில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறேன். சிவநேசன் விட்பியில் புது வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். நகரத்தில் காப்புறுதிக் கம்பனி வேலை, தினமும் ரயில். நசீர் வீடுகளைச் சூடாக்கும் இயந்திரங்கள் பூட்டிக் கொடுக்கிறான். எங்கள் வகுப்பில் பந்து விளையாடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கல்லூரியின் முதல் அணியில் இடதுபக்கம் ஓடியவன். நானும் சிவநேசனும் கோலுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்துகிற அணி.

தொண்ணூறாம் ஆண்டில் போராளி இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது நசீரும் போனான். நான் அப்போது கனடாவுக்கு வந்துவிட்டேன். சிவநேசன் கொழும்பில் வெளிநாட்டு ஏஜென்சிக்காரனுக்காகக் காத்துக் கிடந்தான். பல வருடங்கள் புத்தளத்தில் இருந்துவிட்டு நசீர் இங்கே வந்து சேர்ந்ததும் பழைய மாணவர் சங்கத்தில் சேர விரும்பினான். சங்கம் அவனிடம் பாடசாலை விடுகைப் பத்திரம் கேட்டது. வீட்டையே விட்டுவிட்டு வந்தவனிடம் பத்திரம்! கனடாக் குடிவரவு அதிகாரிகூட அப்படி விடாப்பிடியாக நிற்கவில்லை. கடைசியில் நானும் சிவநேசனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். அவன் அடித்த கோல்களுக்கு ஊரில் கைதட்டிய அதே கனவான்கள், "குறை நினையாதையும், ஒரு ஒழுங்குக்காகத்தான்" என்றார்கள். எங்கள் சங்கத்தைப் பார்த்து எனக்கு முதல்முறை அருவருத்தது அன்றுதான்.

2

மைதானத்தின் பக்கக் கோட்டில் கூடாரங்கள் இருக்கும். அங்கே நிழல், குளிர்ந்த சோடா, சங்கக் கொடி, தலைவர்மார். நாங்கள் அங்கே இருப்பதில்லை. மூன்று மடக்குக் கதிரைகளைக் கொண்டுபோய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் போடுவோம். படிக்கிற காலத்திலும் அதுதான் எங்கள் இடம்.

இடதுபக்கக் கதிரை நசீருக்கு. அவனுடைய இடது காலுக்கு முன்னால் எதையும் வைக்கக் கூடாது. பந்து அந்தப் பக்கம் வந்தால் அவனை அறியாமலே அந்தக் கால் உதைக்கும். என் மனைவி தேநீர் ஊற்றித் தந்த சுடுதண்ணிப் போத்தல் ஒருமுறை அப்படித்தான் பறந்தது. சிவநேசன் பெனால்டி அடிக்கும்போது பார்க்கமாட்டான். முதுகைத் திருப்பிக்கொண்டு "என்னடா, என்னடா" என்று கேட்பான். நான் எப்போதும் பொய் சொல்லுவேன். அவன் எப்போதும் நம்புவான்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. இறுதியாட்டம் முடியும்வரை வீட்டுக்கடன், சீனி வருத்தம், பிள்ளைகளின் கலியாணம் இந்த மூன்றையும் கதைக்கக் கூடாது. கதைத்தவன் மற்ற இருவருக்கும் மட்டன் றோல்ஸ் வாங்கித் தரவேண்டும். விட்பி வீட்டின் கடன் சிவநேசனின் வாயைச் சும்மா இருக்க விடாது. ஆகவே வருடா வருடம் றோல்ஸ் அவனுடைய உபயம்.

கோல் காப்பாளனைத் திட்டுவது என்னுடைய இலாகா. "தம்பி, அது பந்தடா! பால்போத்தல் இல்லை, கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்காதை!" என்று கத்துவேன். பெடியன் திரும்பிப் பார்த்து, "வாட், அங்கிள்?" என்பான். திட்டு விளங்காத ஒருவனைத் திட்டுவதில் ஒரு தனிச் சுதந்திரம் இருக்கிறது. அவனுக்கும் நோகாது, எனக்கும் ஆறும். வாரம் முழுக்கப் பஸ்ஸுக்குள் பிள்ளைகளின் கூச்சலைப் பொறுத்துக்கொண்டு சிரித்தபடி ஓட்டுகிற எனக்கு அந்த ஒரு நாள் போதும்.

ஊரில் எல்லாம் சுத்தமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தோற்ற நாளில் பச்சைக்காரரின் பஸ்ஸுக்கு நாங்கள் கல்லெறிந்திருக்கிறோம். பச்சைக்காரர் என்றால் பக்கத்துக் கல்லூரி, எங்களுடைய பரம எதிரி. அவர்களுக்குப் பச்சைச் சட்டை, எங்களுக்குச் சிவப்பும் வெள்ளையும். அவர்களும் எங்களுக்கு எறிந்திருக்கிறார்கள். ஆனால் யாருக்கு எறிகிறோம் என்பது அப்போது எல்லோருக்கும் தெளிவாகத் தெரியும்.

3

போன இலையுதிர் காலத்தில் என் மகள் தன்னுடைய பல்கலைக்கழகத்து உதைபந்தாட்டத்துக்கு எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் என்னோடு கதைப்பது இப்போது குறைந்துவிட்டது. கதைத்தாலும் பாதியில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள், நான் பின்னால் ஓட வேண்டும். "அப்பா, உங்கட கொலிஜ் ஆக்சுவலி ஹை ஸ்கூல்தானே? இது ரியல் கொலிஜ் ஃபுட்போல், வந்து பாருங்கோ" என்றாள். கூப்பிட்டதே பெரிய விஷயம் என்று போனோம்.

ஒன்றும் விளங்கவில்லை. பந்து தேங்காய் மாதிரி இருந்தது. எல்லோரும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் முட்டினார்கள். "மச்சான், இதில காலுக்கு வேலையே இல்லையோ?" என்று நசீர் கவலையாகக் கேட்டான். ஆனால் அரை மணித்தியாலத்தில் அவனும் கத்தத் தொடங்கிவிட்டான். எதற்குக் கத்துகிறாய் என்று கேட்டேன். "தெரியேல்லை. பக்கத்தில இருக்கிறவன் கத்துறான்" என்றான்.

இடைவேளையில் அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் மகளிடம், "பிள்ளை, பிரதம விருந்தினர் எங்க?" என்று கேட்டான். அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. நான் விளக்கினேன். ஒரு மனிதர் பிந்தி வருவார், அவர் வரும்வரை ஆட்டம் தொடங்காது, வந்து அவர் ஒரு உதை உதைப்பார், பிறகு ஆட்டத்தைப் பார்க்காமல் போய்விடுவார் என்றேன். "பட் வை?" என்று கேட்டாள்.

அவள் இரண்டு சிநேகிதிகளோடு ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு எங்களுக்கு முன் வரிசையில் இருந்தாள். தங்களுடைய அணி பந்தைத் தவறவிட்டபோது மூவரும் எழும்பி நின்று தங்கள் ஆட்களையே திட்டினார்கள். வீட்டில் எனக்கு விளங்காத என் பிள்ளையை அந்த இடத்தில் எனக்கு நன்றாக விளங்கியது. ஆட்டம் முடிந்து அவர்கள் மூவரும் எங்களை விட்டுவிட்டு எங்கேயோ சாப்பிடப் போனபோது எனக்குக் கோபம் வரவில்லை. சிநேகிதரோடு மட்ச் பார்த்தவள் அப்பாவோடு வீட்டுக்கு வருவாளா? நானும் வந்திருக்க மாட்டேன்.

4

இனி அருவருப்பான பகுதி.

போன வருடம் ஊரிலிருந்து கல்லூரி அதிபர் வந்தார். சங்கம் பெரிய மண்டபம் எடுத்து இராப்போசன விருந்து வைத்தது. அதிபரை வரவேற்றுப் பேசத் தலைவர் மைக்குக்குப் போனார். அதே நேரத்தில் முன்னாள் தலைவரும் போனார். ஒருவர் மைக்கின் கழுத்தைப் பிடித்தார், மற்றவர் காலைப் பிடித்தார். இருவரும் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். படம் எடுக்கிறவர்கள் இருந்தபடியால் சிரிப்பை விடவில்லை. அதிபர் பாவம், கையில் பூச்செண்டோடு நடுவில் நின்று, யார் பக்கம் திரும்பினால் பிழை என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மைக் இழுவையில் சங்கம் இரண்டாக உடைந்தது. அடுத்த மாதமே இரண்டு நிர்வாக சபை, இரண்டு யாப்பு, இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு வட்ஸ்அப் குழு. பெயர் மட்டும் ஒன்று. கொடியும் ஒன்று. எங்களுடைய ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம், மூன்றாவது ஆள் வந்தால் இரண்டு சங்கம் என்று நான் பகிடி விடுகிறவன். பகிடி என் தலையிலேயே விழுந்தது.

சிவநேசன் முன்னாள் தலைவரின் பக்கத்துச் செயலாளர் ஆனான். முன்னாள் தலைவர் அவனுடைய மனைவியின் தமையன். அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். போட்டிக்கு இரண்டு நாள் முன்னர் எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"மச்சான், இந்தமுறை நான் கூடாரத்துக்குள்ள இருக்கவேணும். செயலாளர் வெளியில இருந்தா நல்லா இருக்காது. நீங்கள் ரெண்டு பேரும் எங்கட பக்கத்துக்கு வாங்கோவன்."

"உங்கட பக்கம் எண்டு ஒண்டு எப்பயிருந்தடா? நாங்கள் கோலுக்குப் பின்னாலதான்."

"அங்க இருந்தா நடுநிலை எண்டு நினைப்பாங்கள்."

"நினைக்கட்டும்."

"நடுநிலை எண்டா மற்றப் பக்கம் எண்டுதான் இவங்கள் சொல்லுறாங்கள்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். நசீரிடம் சொன்னேன். அவன், "நீ மூண்டு கதிரையையும் கொண்டு வா" என்றான். "அவன் வராட்டி?" என்று கேட்டேன். "வராட்டி நாங்களும் இனிப் போறதில்லை. ரெண்டு பேராப் பாக்கிறதுக்கு வீட்டில ரீவி இருக்குதானே" என்றான். அவன் சும்மா சொல்லுகிற ஆள் இல்லை. அந்தச் சனிக்கிழமை எங்களுக்குக் கடைசி மட்ச் ஆகலாம் என்று நினைத்துக்கொண்டுதான் நான் கதிரைகளைக் காரில் ஏற்றினேன்.

5

மைதானத்தில் எங்கள் கல்லூரிக்கு இரண்டு கூடாரம். எதிரெதிரே. இரண்டிலும் ஒரே கொடி, ஒரே இலச்சினை, ஒரே குறிக்கோள் வாசகம். 'ஒற்றுமையே பலம்' என்பது எங்கள் கல்லூரிக் குறிக்கோள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் அதுதான். இரண்டு கூடாரத்தின் முன்னாலும் வீடு விற்கிறவர்களின் பதாகைகள். அவர்களுடைய பற்கள் மட்டுமே ஆளுயரம். கூடாரங்களுக்குப் பின்னால் காப்பிக் கோப்பைகளுக்குள் பியர் ஊற்றிக் குடித்துக்கொண்டு சில பேர், மரத்தடியில் ஒதுங்குகிற வேறு சில பேர். எண்ணெய் படிந்த காகிதத் தட்டுகள் புல்வெளி முழுக்கப் பறந்தன. பூங்காவில் வேலை செய்கிற ஒரு வயதான சீன மனிதர் கம்பியால் குத்திக் குத்திப் பொறுக்கினார். எங்கள் தலைவர்களில் ஒருவர் அவரைப் பார்த்தபடியே தன் தட்டையும் கீழே போட்டார்.

பூங்காவுக்குப் பொறுப்பான இளம்பெண் ஒருத்தி அனுமதிப் பத்திரத்தோடு வந்தாள். ஒரு கல்லூரிக்கு ஒரு கூடாரம், ஒரு ஒலிபெருக்கி என்பதுதான் அனுமதி. இங்கே இரண்டு ஒலிபெருக்கி. கோலுக்குப் பின்னால் சும்மா இருந்த என்னிடம் வந்து, இதில் எது அந்தக் கல்லூரி என்று கேட்டாள். இரண்டும் என்றேன். வேறு வேறு வளாகமா என்றாள். இல்லை என்றேன். வேறு மதமா, வேறு மொழியா என்றாள். இல்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் காது சுட்டது. அனுமதிப் பத்திரத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாவது கதிரை எங்களுக்கு நடுவில் வெறுமையாக இருந்தது. எதிர்ப்பக்கத்தில், கூடாரத்து நிழலில், கழுத்துப்பட்டியோடு சிவநேசன் நின்றான். செயலாளர் ஆன அன்று இறுக்கிய கழுத்துப்பட்டியை அவன் இன்னும் அவிழ்க்கவில்லை போலிருந்தது. எங்களைப் பார்த்தான். பிறகு பார்க்காத மாதிரி நின்றான்.

போட்டியை நடத்துகிற பொதுக்குழு இரண்டு பக்கத்தையும் சேர்த்துக்கொள்வதற்காக ஒன்றை 'ஏ' என்றும் மற்றதை 'பி' என்றும் போடப் பார்த்திருக்கிறார்கள். யாரும் பி ஆக மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆகவே இரண்டும் ஒரே பெயரில் விளையாடின. காலையில் இரண்டும் வென்றன. அரையிறுதியில் இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தன.

எங்கள் கல்லூரிக்கும் எங்கள் கல்லூரிக்கும் ஆட்டம். இரண்டு அணியும் சிவப்பு வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றன. மத்தியஸ்தர் ஒரு போர்த்துக்கேயர், நல்ல மனிதர். யாராவது ஒரு அணி மேலே மஞ்சள் மேற்சட்டை போட வேண்டும், இல்லாவிட்டால் யாருக்குத் தவறு கொடுப்பது என்றே தெரியாது என்றார். மஞ்சள் மேற்சட்டைகளைத் தானே கொண்டுவந்தும் நீட்டினார். ஒருவரும் வாங்கவில்லை.

"நாங்கள் சட்டையை மறைச்சா, நாங்கள் கல்லூரி இல்லை எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி" என்றார் தலைவர்.

"அதைத்தானே நாங்கள் சொல்லுறம். மறையுங்கோ" என்றார் முன்னாள் தலைவர்.

நாணயம் சுண்டலாம் என்றார் மத்தியஸ்தர். "நூற்றாண்டு கண்ட கல்லூரியைக் காசு சுண்டியே தீர்மானிக்கிறது?" என்று இருவரும் ஒரே குரலில் பாய்ந்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

வெயில் ஏறியது. பிள்ளைகள் நடுவில் நின்று களைத்துப்போய் இரண்டு அணியும் கலந்து புல்லில் இருந்துவிட்டார்கள். அவர்கள் கோடை முழுவதும் ஒன்றாக விளையாடுகிறவர்கள். அதில் ஒருவன், சிவநேசனின் மகன்தான், எழும்பி வந்து, "அங்கிள், வி டோன்ட் கேர். நாங்க சேர்ட் இல்லாமலே விளையாடுறம். ஜஸ்ட் லெட் அஸ் ப்ளே" என்றான். "கல்லூரியை அவமானப்படுத்தாதை!" என்று நாலு பக்கத்திலிருந்தும் அவன்மேல் விழுந்தார்கள். சிவநேசன் கழுத்துப்பட்டியைத் தடவிக்கொண்டு நின்றான். மகன் தகப்பனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மற்றப் பிள்ளைகளும் போனார்கள்.

விளையாட ஆளில்லாத மைதானத்தை என்ன செய்வது? பேச்சுத் தொடங்கியது. இடதுபக்க ஒலிபெருக்கி, கல்லூரியின் புகழ்பூத்த வீரர் நசீர் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப் போவதாகவும், அவர் உடனே மேடைக்கு வரவேண்டும் என்றும் அறிவித்தது. அதைக் கேட்டதும் வலதுபக்க ஒலிபெருக்கிக்குப் பொறுக்கவில்லை. தாங்களும் நசீர் அவர்களைக் கௌரவிப்பதாகவும், அவர் தங்களுடைய உறுப்பினர் என்றும் அதைவிடச் சத்தமாகக் கத்தியது. எங்கள் சங்கம்தான் உண்மையில் எல்லோரையும் அரவணைக்கும் சங்கம் என்றது ஒன்று. இன, மத பேதம் பாராதது எங்கள் சங்கமே என்றது மற்றது. விடுகைப் பத்திரம் கேட்ட வாய்கள்.

இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் மடித்த பொன்னாடையோடு எங்களை நோக்கி வந்தார்கள். வரும்போதே ஒருவரையொருவர் முந்தப் பார்த்து ஓடத் தொடங்கினார்கள்.

நசீர் எழும்பினான். தன் கதிரையை மடித்தான். "மச்சான், நான் மட்ச் பாக்க வந்தனான்" என்றான். "எங்க நடக்குதோ அங்க போவம்."

6

மட்ச் நடக்கப் போவது பச்சைக்காரருக்கு. எங்கள் அரையிறுதி குழம்பியதால், காலையில் தோற்றிருந்த அவர்களைப் பொதுக்குழு நேரே இறுதியாட்டத்துக்கு எடுத்துவிட்டது, மற்ற அரையிறுதியில் வென்ற மஞ்சள் சட்டைக் கல்லூரியோடு. நானும் நசீரும் மூன்று கதிரைகளையும் தூக்கிக்கொண்டு பச்சைக்காரரின் கூடாரத்தை நோக்கி நடந்தோம். ஊரில் இப்படி நடந்திருந்தால் இரண்டு பக்கமும் எங்களை உரித்திருப்பார்கள்.

கூடாரத்து வாசலில் பேரின்பம் நின்றான். அந்தக் காலத்தில் பச்சைக்காரரின் கோல் காப்பாளன். இப்போது தலையில் ஒரு முடி இல்லை. நசீர் அவனுக்கு எதிராக ஓர் இறுதியாட்டத்தில் அடித்த கோலைப் பற்றி எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் கதை உண்டு. அவன் நசீரை மேலும் கீழும் பார்த்தான்.

"வாடா. அண்டைக்கு நீ ஓஃப்சைட்."

"உன்ர கண் ஓஃப்சைட்" என்றான் நசீர்.

"ரெண்டு யார் தூரம் முன்னால நிண்டனீ. லைன்ஸ்மன் உங்கட கணக்கு வாத்தியார்."

"அதுக்கு நான் என்ன செய்யிறது? நீ பந்தைப் பிடிச்சிருக்கவேணும்."

இவ்வளவு காலமும் பேரின்பம் அந்தக் கோலைத் தூக்கத்திலும் சுமந்திருக்கிறான். யாரும் யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை. பேரின்பம் தேத்தண்ணி ஊற்றித் தந்தான், றோல்ஸ் தந்தான், தங்கள் கூடாரத்துப் பக்கம் இருந்த கோலுக்குப் பின்னால் எங்களுக்கு இடமும் காட்டினான். அவனுடைய ஆட்களில் ஒரு சிலர் முகத்தைச் சுளித்தார்கள். "இருக்கட்டும், இருக்கட்டும். இண்டைக்கு இவங்களுக்கு வீடில்லை" என்று அவன் அவர்களைச் சமாளித்தான்.

இறுதியாட்டம் தொடங்கியது. நல்ல ஆட்டம். நாங்கள் முதலில் அடக்கமாகத்தான் இருந்தோம். ஆனால் இடதுபக்கம் ஓடிய பச்சைச் சட்டைப் பெடியன் ஒருவன் பந்தைக் காலோடு ஒட்ட வைத்துக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டினான். நசீரின் கால் உதைத்தது. அவ்வளவுதான். "விடாதை, விடாதை, உள்ளுக்குப் போடு!" என்று எழும்பி நின்று கத்தினான். நானும் கத்தினேன். வாழ்நாளில் முதல்முறையாகப் பச்சைக்காரருக்காகக் கத்தினேன். தொண்டை முதலில் கொஞ்சம் மறுத்தது, பிறகு பழகிவிட்டது.

எதிர்ப்பக்கத்திலிருந்து சிவநேசன் வேர்க்க விறுவிறுக்க வந்தான். ஓடித்தான் வந்தான்.

"உங்கள் ரெண்டு பேருக்கும் விசரே? ஆருக்கடா கத்துறியள்? எங்கட ஆக்கள் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்!"

"எந்த எங்கட ஆக்கள்?" என்றேன்.

"பகிடி விடாதை. அத்தான் என்னை அனுப்பினவர். ரெண்டு பேரும் உடன வெளிக்கிடுங்கோ. படம் எடுக்கிறாங்கள்."

"எடுக்கட்டும்" என்றான் நசீர், கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்காமல்.

"நசீர், நீயாவது விளங்கிக்கொள்ளடா. நான் செயலாளரெல்லோ, எனக்கு எவ்வளவு..."

அந்த நேரத்தில் மத்தியஸ்தர் விசில் ஊதினார். பச்சைக்காரருக்குப் பெனால்டி. எங்களுக்கு முன்னாலிருந்த கோலில்தான். மைதானம் அமைதியாகிவிட்டது. சிவநேசன் பேச்சைப் பாதியில் விட்டான். கையைத் தலையில் வைத்தான். மெல்ல முதுகைத் திருப்பிக்கொண்டான்.

"என்னடா?" என்றான். "என்னடா, அடிச்சிட்டானே?"

நான் அவனுடைய முதுகைப் பார்த்தேன். கழுத்துப்பட்டிக்குக் கீழே சட்டை முழுக்க நனைந்திருந்தது. பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். கண்ணும் கலங்கிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"மேலால போட்டுது" என்றேன். இந்தமுறை அது உண்மை.

"விசரன்! பெனால்டியை ஆராவது மேலால அடிக்கிறானே! பார்த்து வைக்கத் தெரியாதவனுக்கு ஆர் அடிக்கக் குடுத்தது?" என்று கத்திக்கொண்டே திரும்பினான். கத்தி முடித்த பிறகுதான் எந்த அணிக்காகக் கத்தினோம் என்பது அவனுக்கு உறைத்தது. எதிர்ப்பக்கத்து ஒலிபெருக்கி செயலாளரை உடனடியாக மேடைக்கு வரும்படி அழைத்தது. அழைக்கிற குரல் அவனுடைய அத்தான், அந்த முன்னாள் தலைவருடையது. மூன்றாம் முறை அழைத்தபோது அவன் கழுத்துப்பட்டியை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு நடுக் கதிரையில் இருந்தான்.

"இந்த வருசம் வட்டி இன்னும் ஏறுமாம்" என்றான் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு.

"றோல்ஸ்" என்றோம் நானும் நசீரும்.

7

அரையிறுதியில் வென்றது தாங்களே என்று இரண்டு சங்கமும் முகநூலில் போட்டன. இரண்டிலும் ஒரே கொடி. ஊரில் நீங்கள் விருப்பம் தெரிவித்தது எந்த வெற்றிக்கு என்று உங்களுக்கே தெரியாது.

அடுத்த கிழமை எங்கள் மூவருக்கும் இரண்டு சங்கங்களிடமிருந்தும் செய்தி வந்தது. எதிரிக் கல்லூரியை ஆதரித்துத் தாய்க் கல்லூரியின் மாண்புக்குக் களங்கம் ஏற்படுத்தியதால் உறுப்புரிமையிலிருந்து நீக்கப்படுகிறோம், இனி எந்த நிகழ்விலும் கலந்துகொள்ளக் கூடாது என்று இருந்தது. இரண்டிலும் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. விசாரித்துப் பார்த்தேன். தலைவரும் முன்னாள் தலைவரும் ஒரு காப்பிக் கடையில் சந்தித்து, ஒன்றாக இருந்து எழுதினார்களாம். ஒருவருக்கு மற்றவர் காப்பி வாங்கிக் கொடுத்தாராம். மைக்கைப் பிடித்து இழுத்த கைகள் எங்களைத் தள்ளுவதற்கு எவ்வளவு அழகாகச் சேர்ந்திருக்கின்றன! இதைவிட அருவருப்பான ஒற்றுமையை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வோபர்னில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் சந்தித்தோம். சிவநேசன் நொந்துபோய் இருந்தான். அத்தான் கதைப்பதில்லை, வீட்டில் மனைவி முகம் கொடுக்கிறாள் இல்லை. மகன் மட்டும் காரில் ஏறும்போது, "யூ வேர் கூல், அப்பா" என்று சொன்னானாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவனுடைய முகம் கொஞ்சம் வெளித்தது. பிறகு திரும்பவும் தொலைபேசியை எடுத்து, எங்களை நீக்கிய செய்தியை வாசித்தான்.

"இவ்வளவு வருசம் அந்தச் சங்கத்துக்கு மாடா உழைச்சனான்" என்றான். "ஒரு வசனத்தில போ எண்டுட்டாங்கள் மச்சான். எங்கட கொலிஜில இருந்து எங்களைப் போகச் சொல்ல இவங்கள் ஆர்?"

நான் என் பங்குக்கு இரண்டு தலைவர்களையும் அவர்களுடைய பரம்பரையையும் திட்டினேன். நசீர் தேநீரை ஆற்றிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுக்கேன் நீங்கள் ரெண்டு பேரும் இப்பிடி இடிஞ்சுபோய் இருக்கிறியள்?" என்றான். "போனமுறை ஊரைவிட்டுப் போகச் சொல்லேக்க எங்கட வகுப்பில நான் ஒருத்தன்தானே. இந்தமுறை நீங்களும் எல்லோ கூட வாறியள்."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.